டிரம்மர் வீட்டில் செய்யும் ஆல்பம்: டிரம்ஸ் கடைசியில் வரட்டும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஒரு பாண்டில் டிரம்ஸ் வாசிப்பவர், வழக்கமான பாப் பாட்டிலிருந்து கொஞ்சம் விலகி, சோதனை முயற்சியாக ஒரு தனி ஆல்பத்தை வீட்டிலேயே பதிவு செய்ய நினைக்கிறார். மனதில் இருக்கும் முன்மாதிரி, ஜெனிசிஸ் பாண்டின் டிரம்மரும் பாடகருமான ஃபில் காலின்ஸின் ‘ஃபேஸ் வேல்யூ’. அது வீட்டில் எப்படி உருவானது? எட்டு டிராக் (தனித்தனியாகப் பதியும் ஒலித்தடங்கள்) போதுமா? அதில் வரும் பிரம்மாண்டமான டிரம்ஸ் சத்தத்தை வீட்டில் கொண்டுவர முடியுமா?

எட்டு டிராக் தாராளமாகப் போதும். டிரம்ஸ் சத்தம் மட்டும் படுக்கையறையில் வராது. அந்த ஆல்பத்திலும் அது படுக்கையறையில் பதிவானதில்லை. எதை வீட்டில் வைத்துக்கொள்வது, எதை வெளியே கொண்டுபோவது என்று காலின்ஸ் பிரித்த விதத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு டிரம்மர் தன் வாத்தியத்தைக் கடைசிவரை தொடாமல் பாட்டைக் கட்டினார். அதனால்தான் அந்த டிரம்ஸுக்கு அவ்வளவு இடம் கிடைத்தது.

1979-இல் ஜெனிசிஸ் பாண்ட் ஓய்வில் இருந்தது. டோனி பேங்க்ஸும் மைக் ரதர்ஃபோர்டும் ஆளுக்கொரு தனி ஆல்பத்தில் இறங்கியிருந்தார்கள். முதல் திருமணம் முறிந்த நிலையில் காலின்ஸ், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் கில்ஃபோர்டுக்குப் பக்கத்து ஊரான ஷால்ஃபோர்டில், தன் வீட்டுப் படுக்கையறையில் பதிவுக் கருவிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு அங்குல டேப்பில் 8 டிராக் பதியும் பிரெனல் இயந்திரம், ஒரு சிறிய மிக்ஸர், ஃபெண்டர் ரோட்ஸ் எலெக்ட்ரிக் பியானோ, ப்ராஃபெட்-5 சிந்தசைசர், வீட்டுப் பியானோ, ரோலண்ட் சி.ஆர்-78 டிரம் மெஷின். பெரிய பட்டியல் கிடையாது. ப்ராஃபெட்-5 ஒரே நேரத்தில் ஐந்து சுரங்களைத்தான் ஒலிக்கும், சி.ஆர்-78 தன் தாளங்களோடு நாம் அமைக்கும் நான்கு தாளங்களைச் சேமித்துக்கொள்ளும். அங்கே பிறந்த பாட்டுகளில் இரண்டு 1980-இல் ஜெனிசிஸின் ‘டியூக்’ ஆல்பத்துக்குப் போயின. மிச்சத்திலிருந்து 1981 பிப்ரவரியில் ‘ஃபேஸ் வேல்யூ’ வந்தது.

ஸ்டுடியோவுக்குப் போனதும் வீட்டு டெமோவைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் புதிதாக வாசிப்பதுதான் அன்றைய வழக்கம். காலின்ஸ் அதைச் செய்யவில்லை. எட்டு டிராக்கையும் அப்படியே 24 டிராக் டேப்புக்கு நகலெடுத்து, மீதி டிராக்குகளில் மேற்கொண்டு சேர்த்தார். வீட்டு டேப் மட்டம், ஸ்டுடியோ டேப் உசத்தி என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வேறு மாதிரி இருக்கிறது: ஒரு அங்குலத்தில் 8 டிராக் என்றால் ஒரு டிராக்குக்குச் சுமார் 3.2 மி.மீ.; இரண்டு அங்குலத்தில் 24 என்றால் சுமார் 2.1 மி.மீ. அகலமான டிராக்கில் இரைச்சல் குறைவு. ஆகவே, டேப் அகலத்தைப் பொறுத்தவரை வீட்டுப் பதிவு ஸ்டுடியோவுக்குச் சளைத்ததாக இல்லை. அதைத் திரும்ப வாசித்திருந்தால் சுத்தம் கொஞ்சம் கூடியிருக்கும், முதல் தடவை வாசித்தபோதிருந்த தயக்கமும் இறுக்கமும் போயிருக்கும்.

டிரம் மெஷினை முதலில் பதிய வேண்டிய கட்டாயமும் அன்று இருந்தது. மின்னணு இசைக்கருவிகளை ஒரே தாளத்தில் பிணைக்கும் மிடி இணைப்பு 1983-இல்தான் வந்தது. டேப்பில் ஒரு தாளம் ஏறிவிட்டால் பாட்டின் வேகம் அதோடு முடிவாகிவிடும். பிறகு வரும் ஒவ்வொரு கையும் அந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் வாசிக்க வேண்டும். இதைக் குறையாக நினைக்காதீர்கள். டிரம்மர் கீபோர்டு வாசிக்கும்போது விரல் வேகம் குறைவாக இருந்தாலும் சுரத்தை எங்கே விடுவது என்பதில் அவருக்கு இருக்கும் துல்லியம் பல கீபோர்டு கலைஞர்களுக்கு வராது. அந்தத் துல்லியம் தெரிய வேண்டுமானால், ஒரு துண்டையே திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் போடாமல் முழு நீளத்துக்கும் வாசிக்க வேண்டும்.

இன்று இதைச் செய்வதற்கான வழி. மென்பொருளில் எட்டு டிராக் மட்டும் திறந்து, ஒன்பதாவது கிடையாது என்று முடிவெடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். ஒலியின் உச்சம் -12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். 24 பிட்டில் அதற்கு மேல் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. முதல் டிராக்கில் டிரம் மெஷினை ஒலியாகவே பதிந்துவிடுங்கள். மென்பொருள் கருவியாக இருந்தாலும் ஒலிக்கோப்பாக மாற்றி, கருவியை மூடிவிடுங்கள். தொடக்கத்தில் நாலு பார் (தாளச் சுற்று) எண்ணிக்கையும், முடிவில் குறைந்தது 30 விநாடி கூடுதலும் விடவும். இரண்டாவது டிராக்கில் இடது கை பேஸ், மூன்றில் எலெக்ட்ரிக் பியானோ, நான்கிலும் ஐந்திலும் சிந்தசைசர், ஆறில் குரல், ஏழில் இரண்டாம் குரல், எட்டாவது காலியாக இருக்கட்டும். அந்தக் காலி டிராக்தான் சோதனைக்கான இடம்: தலைகீழாக ஓடும் பியானோ, ஸ்பீக்கர் வழியாக அறையில் ஒலிக்கவிட்டுத் திரும்பப் பதிந்த டிரம் மெஷின், எதுவானாலும். இடம் போதாவிட்டால் நான்கையும் ஐந்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே டிராக்காக்கி, மூலத்தை வேறு கோப்புறையில் வைத்துவிட்டு முன்னே போங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் திறந்தே வைத்திருப்பதால்தான் வீட்டு ஆல்பங்கள் முடியாமலே கிடக்கின்றன.

அறையில் ஸ்பீக்கர் வழியாகத் திரும்பப் பதியும்போது ஒரு சிக்கல் வரும். மைக் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி சுமார் 3 மில்லி விநாடி தாமதமாகச் சேரும். அதை மூல ஒலியோடு சம அளவில் கலந்தால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்று, சத்தம் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். இரண்டையும் நேர்ப்படுத்துங்கள், இல்லையென்றால் ஏதாவது ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

தாமதத்தில் இன்னொன்று, வாசிக்கும்போது காதில் விழுவது. 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாளும் அளவு) என்றால் ஒரு வழிக்கே 5.3 மில்லி விநாடி. போய் வர இரட்டிப்பு, மாற்றிகளின் தாமதம் அதற்கு மேல். மற்றவர்களுக்கு இது தெரியாமல் போகலாம், டிரம்மருக்குத் தெரிந்துவிடும். தாளத்துக்குப் பின்னால் இழுபடுவது போலிருக்கும், அதை ஈடுகட்ட முந்தி வாசிக்கத் தொடங்குவார். பதியும்போது பஃபரை 64-க்கு இறக்குங்கள். மைக்கையும் கருவிகளையும் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலேயே நேரடியாகக் கேட்கும் வசதி இருந்தால் அது இன்னும் நல்லது.

குரலுக்குப் படுக்கையறை உண்மையிலேயே நல்ல இடம். மெத்தை, துணி அலமாரி, திரைச்சீலை எல்லாம் எதிரொலியை உறிஞ்சும். மைக்குக்குப் பின்னால் மட்டும் தடுப்பு வைப்பது பலர் செய்யும் தவறு. மைக் கேட்பது பாடுபவரின் முதுகுப் பக்கமிருந்து திரும்பி வரும் ஒலியை. கனமான போர்வையைப் பாடுபவருக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். வாயிலிருந்து 15 செ.மீ., நடுவில் மூச்சுக்காற்றின் மோதலைத் தடுக்கும் பாப் ஃபில்டர், மின்விசிறியும் ஏசியும் அணைந்திருக்கட்டும். முதல் டேக்கை ஒருபோதும் அழிக்காதீர்கள். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டான ‘இன் தி ஏர் டுநைட்’ வரிகளில் பெரும்பகுதி காலின்ஸ் மைக் முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி பாடியவைதான்.

அந்தப் பாட்டின் குரலில் ரோலண்ட் வி.பி-330 வோக்கோடரும் (சிந்தசைசரின் ஒலியைக் குரல் போலப் பேசவைக்கும் கருவி) இருக்கிறது. வோக்கோடரை மென்பொருளில் செய்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார், வார்த்தை புரியவில்லை என்பது. காரணம், சிந்தசைசரின் மென்மையான ஒலியில் ‘ச’, ‘த’, ‘க’ போன்ற மெய்யொலிகளை உருவாக்கத் தேவையான மேல் அலைவரிசைகள் இருக்காது. மூலக் குரலை 5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, மிஞ்சுவதை மட்டும் வோக்கோடரோடு மெல்லக் கலந்தால் வார்த்தை தெளியும், இயந்திரத்தன்மையும் கெடாது. சிந்தசைசரில் நீண்டு நிற்கும் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) வேண்டும். விட்டு விட்டு வாசித்தால் குரலும் அறுந்து அறுந்து வரும்.

இனி டிரம்ஸ். அந்தச் சத்தம் பிறந்தது லண்டன் கோல்ட்ஹாக் ரோட்டில் இருந்த டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவின் கல் அறையில், காலின்ஸின் ஆல்பத்துக்கு முன்பே, ஜெனிசிஸின் முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பப் பதிவின்போது. அந்த ஆல்பம் 1980-இல் வந்தது. பதிவுப் பொறியாளர் ஹியூ பாட்ஜம். அங்கிருந்த எஸ்.எஸ்.எல். நிறுவனத்தின் 4000 பி மிக்ஸரில், உள்ளே இருக்கும் கலைஞர்கள் பேசுவதைக் கேட்க ‘லிசன் மைக்’ என்று ஒரு வழி இருந்தது. தூரத்தில் மெல்லப் பேசினாலும் கேட்க வேண்டும், பக்கத்தில் கத்தினாலும் காது கிழியக்கூடாது என்பதற்காக அதில் மிகக் கடுமையான கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அழுத்தி, மெல்லிய ஒலியோடு சமன் செய்யும் கருவி). காலின்ஸ் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தபோது அந்த வழி திறந்திருந்தது. வந்த பிரம்மாண்டமான சத்தத்தைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்து, பாட்ஜம் அதை நாய்ஸ் கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் வழியை மூடிவிடும் கருவி) வழியாக அறுத்தார். கேப்ரியல் தன் ஆல்பத்தில் சிம்பலே கூடாது என்று சொல்லியிருந்தார். இந்த முறை எடுபட அதுவும் ஒரு காரணம். ‘ஃபேஸ் வேல்யூ’வில் காலின்ஸோடு சேர்ந்து வேலை செய்தவரும் பாட்ஜம்தான்.

படுக்கையறையில் இது ஏன் வராது? 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரக் கூரை என்று வையுங்கள். 10 அடிக்கு ஒலி 56 ஹெர்ட்ஸில் தேங்கி நிற்கும். அகலமும் உயரமும் ஒன்றே என்பதால் இரண்டும் அதே 56-இல் சேர்ந்து வீங்கும். பேஸ் டிரம்மின் அடிநாதம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. மேலே, ஸ்நேர் டிரம்முக்கு ஒரு மீட்டர் உயரத்தில் வைத்த ஓவர்ஹெட் மைக்குக்குக் கூரையிலிருந்து திரும்பும் ஒலி 7 அல்லது 8 மில்லி விநாடியில் வந்து மோதும். இவ்வளவு சீக்கிரம் வரும் எதிரொலி பெரிய அறையாகக் காதுக்குப் படாது, பெட்டியாகத்தான் படும். கம்ப்ரஸ் செய்தால் பெட்டிதான் பெரிதாகும். தடுப்புப் பலகையும் நுரையும் வாங்கிப் பணத்தைக் கரைப்பதைவிட, ஒரே ஒரு நாள் வேறு இடம் பிடியுங்கள்: கருங்கல், செங்கல், பூசிய சிமெண்டு, ஓடு பதித்த தரை என்று கடினமான பரப்புகள், 3.5 மீட்டருக்கு மேல் உயரம், சுவர்களில் இரண்டு எதிரெதிரே இணையாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாப் பாட்டுக்கும் டிரம்ஸை அந்த ஒரே நாளில் அடித்துவிடலாம். பாட்டுதான் முன்பே முடிந்துவிட்டதே.

கொண்டுபோக வேண்டியவை: எட்டு உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸ், மூடிய ஹெட்ஃபோன், வீட்டில் பதிந்தவை அனைத்தும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து எடுத்த வேவ் கோப்புகளாக, பாட்டின் வேகம் எழுதிய தாள். தொடக்கப் புள்ளி ஒன்றாக இல்லையென்றால் வீடு திரும்பியதும் எந்த டிராக் எங்கே பொருந்தும் என்று தேடுவதிலேயே நாள் போகும்.

டாம்களில் (டிரம் செட்டின் நடுத்தர டிரம்கள்) கீழ்த்தோலைக் கழற்றிவிடுங்கள். காலின்ஸ் அக்காலத்தில் வைத்திருந்தது ஒரு பக்கத் தோல் மட்டும் கொண்ட கான்சர்ட் டாம்கள்தான். கீழ்த்தோல் இல்லாவிட்டால் நாதம் நீளாது, அடி நேராகப் பாயும். அறையின் சத்தத்தை வைத்து வேலை செய்யும்போது டிரம் தானாக நீண்டு ஒலிப்பது இடைஞ்சல். ஆனால் தோலைக் கழற்றியதும் கீழ்வரிசை லக்குகளும் (திருகைப் பூட்டும் பிடிகள்) திருகுகளும் தளர்ந்து கிலுகிலுக்கும். கம்ப்ரஸருக்குப் பிறகு அது டாமுக்குச் சமமாகக் கேட்கும். திருகுகளை முழுவதும் எடுத்துவிட்டு, லக்குகளுக்குள் சிறு துணி அடைத்து டேப் ஒட்டுங்கள்.

மைக்: கிக் (பேஸ் டிரம்), ஸ்நேர், மூன்று டாம்கள் என ஐந்து அருகில். அறைக்கு இரண்டு, டிரம்ஸிலிருந்து 3 முதல் 4 மீட்டர் தள்ளி. எட்டாவது, எந்தச் சாதாரண டைனமிக் மைக்கானாலும் சரி, அறை நடுவில் தலை உயரத்தில்: இதுதான் உங்கள் லிசன் மைக். ஓவர்ஹெட் வேண்டாம், ஏனென்றால் சிம்பல் இல்லை. சிம்பலையும் ஹை-ஹாட்டையும் பிறகு தனியாக அடித்துச் சேருங்கள். இதில் கையின் பழக்கம் குறுக்கே வரும்; ஃபில் (இடைவெளியை நிரப்பும் டிரம்ஸ் துணுக்கு) முடிந்ததும் கை தானாகச் சிம்பல் இருந்த இடத்துக்குப் போகும். அந்த இடத்தில் தடித்த துணி சுற்றிய பேட் ஒன்றை நிறுத்தினால் வாசிப்பு தடுமாறாது. அருகில் அடிக்கும் ஸ்நேரின் உச்சம் 130 டெசிபலைத் தாண்டக்கூடும். கண்டென்சர் மைக் வைத்தால் அதில் ஒலியளவைக் குறைக்கும் பேட் சுவிட்சைப் போட மறக்க வேண்டாம்.

அடிக்கத் தொடங்குமுன் போலாரிட்டி (ஒலி அலையின் மேல்-கீழ் திசை) பார்க்க வேண்டும். அறை மைக்குகளையும் கிக் மைக்கையும் ஒன்றாகக் கேட்டபடி ஒன்றின் போலாரிட்டியைத் திருப்புங்கள்; எந்த நிலையில் அடிச்சத்தம் தடிமனாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

லிசன் மைக்கில் முதலில் கம்ப்ரஸர், பிறகு கேட். விகிதம் 20:1 அல்லது அதற்கு மேல், அட்டாக் (அழுத்தத் தொடங்கும் நேரம்) மிக வேகம், ரிலீஸும் (விடுவிக்கும் நேரம்) வேகம், ஒவ்வொரு அடிக்கும் 15 முதல் 20 டெசிபல் அழுத்தம். எஸ்.எஸ்.எல். நிறுவனமே அந்தப் பழைய லிசன் மைக் சுற்றை மென்பொருளாக வெளியிட்டது. அதைப் பயன்படுத்தினால் பாதி வேலை குறையும். வரிசையை மாற்றிவிடாதீர்கள். கம்ப்ரஸர் முன்னால் இருந்தால், அடி ஓய்ந்ததும் அறையின் ஒலி தேயாமல் மேலே தூக்கி நிறுத்தப்படும், அது நிற்கும்போதே கேட் கத்தரிக்கும். இயற்கையில் எந்த அறையும் அப்படி நிற்காது என்பதால்தான் காது திடுக்கிடுகிறது. கேட்டை முன்னால் வைத்தால் கம்ப்ரஸர் அந்த வெட்டு விளிம்பையும் மிச்ச இரைச்சலையும்தான் தூக்கிக் காட்டும்.

கேட்டைத் திறக்கும் சமிக்ஞை அருகிலுள்ள ஸ்நேர், டாம் மைக்குகளிலிருந்து வர வேண்டும். அறை மைக்கையே நம்பினால் ஒலி 4 மீட்டர் கடந்து வர 12 மில்லி விநாடி ஆகும், அங்கே அடியின் ஒலிக்கும் எதிரொலிக்கும் உள்ள வித்தியாசமும் குறைவு. கேட் தடுமாறித் திறக்கும், ‘டக்’ என்ற சொடுக்குக் கேட்கும். திறந்திருக்கும் நேரத்தைப் பாட்டின் வேகத்திலிருந்து எடுங்கள்: நிமிடத்துக்கு 96 என்றால் ஒரு கால் சுரம் 625 மில்லி விநாடி, அரைக்கால் சுரம் 312. அரைக்காலில் ஃபில் போகிறதென்றால் ஹோல்ட் (கேட் திறந்தே நிற்கும் நேரம்) 220 முதல் 250, ரிலீஸ் (அது மூட எடுக்கும் நேரம்) 30 முதல் 40 மில்லி விநாடி. அடுத்த அடிக்கு முன் சிறு மௌனம் விழ வேண்டும். அது விழவில்லையென்றால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும். மெல்லிய அடிகளில் கேட் படபடத்தால் திறக்கும் அளவுக்கும் மூடும் அளவுக்கும் இடையே 4 முதல் 6 டெசிபல் இடைவெளி வையுங்கள். அதிலும் அடங்காவிட்டால் மெல்லிய அடிகளையே விடுங்கள். இந்தச் சத்தத்தில் கோஸ்ட் நோட்டுகளுக்கு இடமில்லை. ஒவ்வொரு அடியும் ஒரே பலத்தில் விழ வேண்டும். நுணுக்கமாக வாசிப்பவர்களுக்கு இது கசக்கும், ஆனால் கம்ப்ரஸர் நுணுக்கத்தையெல்லாம் எப்படியும் தட்டையாக்கிவிடும்.

‘இன் தி ஏர் டுநைட்’டில் டிரம்ஸ் நுழைவது ஏறக்குறைய 3 நிமிடம் 40-ஆவது விநாடியில், பத்து அடிகளில். அதுவரை டிரம் மெஷின் மெலிசாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. கீழ் அலைவரிசைகளில் தாளம் என்று சொல்ல எதுவும் கிடையாது. காலியாக வைத்த அந்த இடத்தில்தான் டாம்கள் வந்து விழுகின்றன. உங்கள் மெஷினின் கிக் சத்தத்தை முதலிலேயே தடிமனாக்கிவிட்டால் நிஜ டிரம்ஸ் வரும்போது புதிதாக எதுவும் நடக்காது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, டிரம்ஸ் வந்த பிறகும் அதை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். இவ்வளவு நேரம் காத்திருக்க எல்லோருக்கும் பொறுமை இருக்கவில்லை: அட்லாண்டிக் நிறுவனத்தின் அஹ்மத் எர்டெகுன் தாளம் எங்கே என்று கேட்டதால், தனிப்பாட்டாக வெளியான சிங்கிள் வடிவத்தில் முன்கூட்டியே கூடுதல் டிரம்ஸ் சேர்க்கப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆல்பம் வடிவம்தான் சரி என்பது என் முடிவு.

வெளி ஆட்களை அழைப்பதும் இதே கட்டத்தில்தான், பாட்டு நின்ற பிறகு. ‘ஃபேஸ் வேல்யூ’வில் எர்த், விண்ட் அண்ட் ஃபயரின் ஊதுவாத்தியக் குழு இருக்கிறது. வயலின் வாசித்தவர் எல். சங்கர்: சென்னையில் பிறந்து, தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த காலத்தில் அங்கே வளர்ந்து, சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமோடும் ஜாகிர் உசேனோடும் வாசித்தவர். டிரம் மெஷின் மேல் கட்டிய மெல்லிய பின்னணிக்கு, தொடர்ந்து வளைந்து செல்லும் ஒரு வாத்தியம் மிகப் பொருத்தம். கூட்டிவருபவரிடம் சுரம் எழுதிக் கொடுக்காதீர்கள். காலியான எட்டாவது டிராக்கைக் கொடுங்கள்.

இந்த ராட்சச டிரம்ஸ் உங்கள் பாட்டுக்குத் தேவையே இல்லாமலும் இருக்கலாம். சாஃப்ட் மெஷின் பாண்டின் முன்னாள் டிரம்மர் ராபர்ட் வையாட், 1973-இல் விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த பின், கீபோர்டும் குரலும் சின்னத் தாளக் கருவிகளும் வைத்து ‘ராக் பாட்டம்’ ஆல்பத்தைச் செய்தார்; அதில் ஒரு பகுதி வில்ட்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் நடமாடும் பதிவு வண்டியைக் கொண்டு பதிவானது. அனிமல் கலெக்டிவில் டிரம்ஸும் வாசிக்கும் பாண்டா பேர், லிஸ்பனில் இரண்டு சாம்ப்ளர்களை (ஒலித்துண்டுகளைச் சேமித்து வாசிக்கும் கருவிகள்) வைத்து 2007-இல் ‘பெர்சன் பிட்ச்’ கொடுத்தார். அங்கே தாளம் முழுக்கச் சுழலும் ஒலித்துண்டுகளில் இருக்கிறது.

வெளியிடுமுன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கில்தான் பலர் எல்லாவற்றையும் கோட்டை விடுகிறார்கள். ஆரம்பப் பகுதியின் சத்த அளவு -20 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவிலும், டிரம்ஸ் வந்த பிறகு -12 அளவிலும் இருந்தால் எட்டு டெசிபல் ஏற்றம் கிடைக்கும். நுழைவின் வேகம் அந்த எட்டில்தான் இருக்கிறது. ஒலியின் உச்சத்தை ஓர் அளவுக்கு மேல் போகவிடாத லிமிட்டரைப் போட்டு எல்லாவற்றையும் -8-க்கு உயர்த்தினால் முன்பகுதி மேலே வந்துவிடும், டிரம்ஸுக்கு ஏற இடமிருக்காது. முக்கிய ஸ்ட்ரீமிங் தளங்கள் ஒலியளவைச் சுமார் -14-க்குச் சமன் செய்வதால் அப்படிக் கத்துவதில் லாபமும் கிடையாது. உச்சத்தை -1 டெசிபலில் நிறுத்துங்கள். பிறகு குரல் வசதியாகக் கேட்கும் அளவுக்கு ஒலியை வைத்துப் பாட்டை முதலிலிருந்து ஓடவிடுங்கள். டிரம்ஸ் வரும் இடத்தில் கை தானாக ஒலியளவைக் குறைக்கப் போனால் இரண்டு டெசிபல் அதிகம், ஒன்றும் தோன்றாவிட்டால் இரண்டு டெசிபல் குறைவு.